ஸ்கேட் வாங்கும் முன் காலை அளந்துகொள்ளுங்கள்

நங்கநல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகளை ஸ்கேட்டிங் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டு அலுத்துப்போய், முப்பத்தேழு வயதில் நானும் கற்றுக்கொள்ள இறங்கினேன். அவள் ஆறே மாதத்தில் விட்டுவிட்டாள். எனக்கு ஆறு வருஷமாகியும் விட மனசில்லை. பேப்பர் கப்புகளைத் தரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, நடுவே குறுக்குக் காலிலும் ஒற்றைக் காலிலும் பின்பக்கமாகவும் நெளிந்து போவோமே, அந்த ஃப்ரீஸ்டைல் ஸ்லாலம்தான் என் பைத்தியம். ப்ளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட "அக்கா, பையனுக்கு எந்த ஸ்கேட் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சென்னையில் இன்லைன் ஸ்கேட் (சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் ரகம்) என்றாலே பெரும்பாலும் வேகப் பந்தயம்தான். 2025இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்ற ஆனந்த்குமார் வேல்குமார் நம்ம ஊர்க்காரர். அதனால் கோச்சும் கடைக்காரரும் ஸ்பீடு ஸ்கேட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும் பூட், 110 மி.மீ. சக்கரம், நீள ஃப்ரேம் (பூட்டுக்கு அடியில் சக்கரங்களைப் பிடித்திருக்கும் சட்டம்). டிராக்கில் பறக்கும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு கப்புக்கு நடுவே வளைவது, சந்துக்குள் கன்டெய்னர் லாரியைத் திருப்புவது மாதிரி. நமக்கு வேண்டியது கணுக்காலுக்கு மேலே ஏறிப் பிடிக்கும் கெட்டியான பூட், குட்டையான ஃப்ரேம், 72 முதல் 80 மி.மீ. வரை நான்கு சக்கரம். குதிகாலில் பிரேக் கட்டை இருக்காது. இருந்தால் கால் குறுக்கே போகும்போது கப்பைத் தட்டும். கப் வரிசைக்கு வருமுன் கால்களை அகட்டி, குதிகாலை வெளியே தள்ளி நிறுத்தப் பழகிவிட வேண்டும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஜோடி, நாலு சைஸுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்ற பட்டன் வைத்த ரகம். மகளும் போடலாம், நானும் போடலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்றாயிரத்து இருநூறு ரூபாய். இடது கணுக்கால் உள்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. எனக்கு வயசாகிவிட்டது, எலும்பில் பலமில்லை என்றே மூன்று மாதம் நினைத்தேன். ஒருநாள் கோச்சுடைய பழைய ஹார்டு ஷெல் பூட்டை, அதாவது வெளி ஓடு கெட்டியாக இருக்கும் பூட்டைப் போட்டுப் பார்த்தேன், கால் நேராக நின்றது. என் தொழிலில் நான் தினமும் சண்டை போடும் விஷயம் இது: "வளர்ற பொண்ணு, கொஞ்சம் லூசா தைங்க." அந்த லூஸ் ப்ளவுஸ் யாருக்கும் நன்றாக உட்கார்ந்ததே இல்லை. அதையே நான் காலுக்குச் செய்துவிட்டேன்.

ஆகவே அளவு. சாயங்காலம் எடுங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் உப்பியிருக்கும். தரையில் காகிதம், சுவரில் குதிகால், முழு எடையும் அந்தக் காலில். நீளமான விரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டு மில்லிமீட்டரில் அளக்கவும். இரண்டு காலையும் அளக்கவும், ஒன்றாக இருக்காது. எனக்கு வலது 238, இடது 242. பெரியதை வைத்து, அந்தந்தக் கம்பெனியின் சென்டிமீட்டர் அட்டவணையைப் பாருங்கள். செருப்பு நம்பரை நம்பாதீர்கள். அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செருப்பிலேயே வளர்ந்த கால் நம்முடையது, முன்பக்கம் விரிந்திருக்கும். சுண்டுவிரல் எலும்பு பக்கச் சுவரில் அழுந்தினால் அந்த மாடலே உங்களுக்கு ஆகாது, சைஸைக் கூட்டிச் சரிக்கட்ட முடியாது. கூட்டினால் குதிகால் லூசாகும்.

கையில் கிடைத்ததும் உள்ளே இருக்கும் மெத்தை லைனரை உருவிவிட்டு வெறும் ஷெல்லுக்குள் காலை விடுங்கள். விரல் முன்னால் தொட்டு நிற்கும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் இருந்தால் சரி. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்புறம் லைனரோடு, மெல்லிய நீளச் சாக்ஸோடு, லேஸும் பக்கிளும் இறுக்கி இருபது நிமிஷம் வீட்டுக்குள் நில்லுங்கள், டிவி பாருங்கள். நேராக நிற்கையில் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் விலக வேண்டும். முட்டியை மடக்கி எழும்பும்போது குதிகால் தூக்கவே கூடாது. லைனர் போகப் போக அமுங்கி இடம் கொடுக்கும், ஆகவே முதல் நாள் கொஞ்சம் பிடிப்பாக இருப்பதே நல்லது. ஆனால் ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால் அது பழகிப்போகும் வலி இல்லை.

பாதத்தின் குறுக்கே சாய்வாக ஓடும் பட்டை கட்டாயம் இருக்கட்டும். குதிகாலைப் பின்னால் தள்ளிப் பிடித்து வைப்பது அதுதான். மேலே கணுக்கால் பட்டை முன்பக்கம் வளையலாம், பக்கவாட்டில் வளையவே கூடாது. கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கார்பன் பூட் லேசாக இருக்கும், விலை கொல்லும். முதல் ஜோடிக்குப் பிளாஸ்டிக் ஷெல் போதும். செபா, எஃப்ஆர், பவர்ஸ்லைடு, ரோலர்பிளேடின் ட்விஸ்டர், ஃப்ளையிங் ஈகிள் என்று பல இருக்கின்றன. நான் பெயரைப் பார்ப்பதில்லை. பக்கிளும் லைனரும் தனியாக வாங்கக் கிடைக்கிறதா என்று பார்ப்பேன்.

ஃப்ரேமில் அச்சிட்டிருக்கும் எண் முதல் அச்சாணிக்கும் கடைசி அச்சாணிக்கும் உள்ள தூரம். 80 மி.மீ. சக்கரம் நான்கு என்றால் மூன்று எண்பது 240, இடைவெளி மூன்று, ஆக 243. 76க்கு 231, 72க்கு 219. குட்டையாக இருந்தால் வளைவு சுலபம், நீளமாக இருந்தால் நிற்பது சுலபம். சின்னக் காலுக்கு 231, பெரிய ஆண்களுக்கு 243 பொதுவாகச் சரிவரும். கப்புகளின் இடைவெளி 80 சென்டிமீட்டர்தான் வழக்கம், எனவே ஃப்ரேமின் நீளம் உடனே காலுக்குத் தெரிந்துவிடும். அலுமினியமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம்.

இனி ராக்கர். நான்கு சக்கரமும் ஒரே அளவாக இருந்தால் நான்கும் தரையைத் தொடும். முன்னும் பின்னும் 76, நடுவில் இரண்டு 80 போட்டால் ஓரச் சக்கரங்கள் 2 மி.மீ. மேலே நிற்கும். அடிப்பாகம் வளைந்துவிடுகிறது, தலையாட்டி பொம்மை மாதிரி. ஸ்லாலத்தின் ருசியே அதில்தான். ஆனால் முதல் நாளே போட்டால் முன்னும் பின்னும் ஆடி மல்லாந்துவிடுவீர்கள். முதல் இரண்டு மூன்று மாதம் சமமாகவே ஓட்டுங்கள். தேய்ந்த சக்கரங்களை அளந்து வையுங்கள்; 76க்கு வந்ததும் அவற்றையே ஓரத்துக்கு மாற்றி, நடுவில் மட்டும் புது 80 வாங்கினால் ராக்கர் பாதிச் செலவில் முடிந்தது. சக்கரத்தின் உள்விளிம்புதான் முதலில் தேயும், அதனால் மாதம் ஒருமுறை திருப்பி, கால் மாற்றிப் போடுங்கள்.

சக்கரத்தின் கடினத்தை 'ஏ' சேர்த்த எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் கடினம் கூடும். 85ஏ வாங்குங்கள். வழவழப்பான சிமென்ட் பார்க்கிங்கில் நன்றாகச் சுழலும். தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர்கள் 82, 83 எடுத்தால் பல் கிடுகிடுக்காது.

பேரிங் பற்றிக் கடையில் அரை மணி பேசுவார்கள். ஏபெக் 9, ஏபெக் 11 என்று துல்லியத் தரத்தின் எண்ணைச் சொல்வார்கள். 80 மி.மீ. சக்கரம் மணிக்கு 15 கிலோமீட்டரில் நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் சுற்றுதான் சுற்றுகிறது. ஸ்கேட்டில் வழக்கமாக வரும் 608 என்ற அளவு பேரிங்குக்கு இதெல்லாம் தூசு. காசை பூட்டில் போடுங்கள். ஒன்று மட்டும் பாருங்கள்: போல்ட்டை இறுக்கியதும் சக்கரம் நின்றுபோனால், உள்ளே இரண்டு பேரிங்குக்கு நடுவே ஸ்பேசர் என்ற சின்னக் குழாய் இல்லை என்று அர்த்தம்.

செகண்ட் ஹேண்ட் தப்பில்லை. என் இரண்டாவது ஜோடி அப்படி வந்ததுதான், ஒன்பதாயிரம். போல்ட் தலையின் அறுகோணக் குழி மழுங்கியிருக்கிறதா, கணுக்கால் பட்டையின் திருகைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஃப்ரேம் பூட்டுடன் சேரும் இரண்டு போல்ட்டுகளின் தூரம் 165 மி.மீ. என்றால் பின்னாளில் வேறு ஃப்ரேம் மாற்றலாம். மணிக்கட்டுக் கவசமும் ஹெல்மெட்டும் இந்தப் பட்ஜெட்டுக்குள்ளேயே வரட்டும்.

ஸ்கேட் வந்த முதல் வாரம் ஒவ்வொரு முறையும் போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், புதுசில் தளரும். நான் தையல் சாக்பீஸால் 80 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, டீக்கடை பேப்பர் கப்பைக் கவிழ்த்து வைக்கிறேன். காற்றடித்தால் உள்ளே ஒரு கூழாங்கல். முடித்ததும் லைனரை உருவி ஃபேனுக்கு அடியில் போடுங்கள். வெயிலில் போட்டால் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் பிரிந்துவரும். எனக்கு ஒருமுறை பிரிந்து, ஊசி எடுத்து நானே தைத்தேன்.