முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திய விதம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்தான் இந்த வேலையைச் செய்தேன். பைக்கின் முன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கி அதிர்வை வாங்கும் குழாய்களில், எண்ணெய் கசிந்து, பிரேக் பிடித்தால் முன்பக்கம் சடாரென்று அமிழ்ந்தது. எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்துவிட்டது. வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் சீல் வாங்குவது எளிது. ஃபோர்க்கைக் கழற்ற வண்டியைத் தூக்கி நிறுத்துவதுதான் பெரும்பாடு.

லிஃப்ட் வாங்க இடமும் இல்லை, மனமும் இல்லை. சென்டர் ஸ்டாண்டைப் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் கொடுத்து, இன்ஜினுக்குக் கீழே காரின் திருகு ஜாக்கை வைத்தேன். அதன் அடிப்பாகம் குறுகலானது. வழவழப்பான தரையில் சாயும். ஆகவே கீழே ஒரு தடித்த பலகை, மேலே இன்னொன்று. சைலன்சர் குழாயிலோ ஆயில் வடிக்கும் போல்ட்டிலோ பாரம் விழக் கூடாது. சக்கரம் இரண்டு விரற்கடை உயர்ந்ததும் மரக்கட்டைகளை அடுக்கிப் பாரத்தை அவற்றின்மேல் இறக்கினேன். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்குக் கீழே நான் கையை நுழைப்பதில்லை.

அச்சு நட்டையும் ஃபோர்க்கின் மேல்மூடிகளையும் தூக்குவதற்கு முன்பே சற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் பலம் போட்டால் வண்டி ஆடும். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸில் தொங்காதபடி கயிற்றில் கட்டினேன். அப்போது பிரேக் லீவரைப் பிடிக்கவே கூடாது. அதற்கென்றே வந்து நிற்கும் பக்கத்து வீட்டுப் பையனைத் துரத்துவது தனி வேலை.

புதிய சீலைப் பொருத்தமான பிவிசி குழாயால் தட்டி இறக்கினேன். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, இரு பக்கமும் எண்ணெய் மட்டம் சமமாக இருக்கிறதா என்று அளந்தேன். தூசி ரப்பரையும் கையோடு மாற்றினேன். பெங்களூருத் தூசிக்குப் பழையது தாங்காது.