வீடு மாறும்போது மீன்களை எப்படிக் கொண்டுபோவது?

போன ஏப்ரலில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வீடு மாறினோம். தூரம் குறைவுதான், ஆனால் அந்த மாதத்துப் பாலக்காட்டு வெயில் தெரியுமல்லவா? தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும், அதனால் விடியற்காலையிலேயே கிளம்பினோம். மீன்கள் எல்லாமே உயிரோடு வந்து சேர்ந்தன.

முதல் வேலை, ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் வளர்ந்த, நோயில்லாத மீன் இரண்டு நாள் பட்டினி தாங்கும்; தின்றுவிட்டு, கொண்டுபோகும் பிளாஸ்டிக் கவருக்குள் கழித்தால் அதிலிருந்து வரும் அமோனியாவைத்தான் தாங்காது.

அடுத்து, தொட்டித் தண்ணீரில் பாதியை வாளிகளில் பிடித்து வையுங்கள். கவரில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர், மீதி காற்று; வாயால் ஊத வேண்டாம். கவரை இரட்டையாகப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடினால் சூடும் ஏறாது, இருட்டில் மீனும் அடங்கி இருக்கும். சண்டை போடும் ஃபைட்டர் மீன் தனிக் கவரில். கெளுத்தி, சக்கர் வகைகளின் முள் கவரைக் கிழித்துவிடும், அவற்றுக்கு மூடி போட்ட வாளிதான் சரி.

இப்போது ஃபில்டர். முன்பு ஒருமுறை வீடு மாறியபோது ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவி, காயவைத்துக் கொண்டுபோனேன். ஒரே வாரத்தில் பாதி மீன் செத்தது, இன்றும் மனசு கேட்கவில்லை. அமோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியா பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் சரளைக்கல்லிலும்தான் வாழ்கிறது, தண்ணீரில் குறைவு. இரண்டையும் தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே, காற்றுப் படும்படி வாளியில் கொண்டுபோங்கள், காய விடவே கூடாது.

தொட்டியைக் காலி செய்துதான் தூக்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 56 லிட்டர் பிடிக்கும், அதாவது 56 கிலோ. கொஞ்சம் தண்ணீரோடு தூக்கினால்கூட சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகலாம். குட்டியானையில் அடியில் போர்வை விரித்து வைத்தோம்.

புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு தொட்டியை வைத்துவிட்டோம். கல், பழைய தண்ணீர், ஃபில்டர், அப்புறம் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்து கலந்த குழாய்த் தண்ணீர். கவரைக் கட்டு அவிழ்க்காமல் 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு பிரித்துத் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஊரில் போர் தண்ணீர், இங்கே சிறுவாணி; திடீரென்று மாற்றினால் மீனுக்கு அதிர்ச்சிதான். மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், கவர் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது. அன்றைக்கு விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள்.