நாலு பழைய பசோவில் ஒரு பிள்ளைப் போர்வை

போன கார்த்திகையில் என் தங்கச்சி மகளுக்குப் பர்மாவின் மலையூரான மேமியோவில் ஆண் குழந்தை பிறந்தது. "பெரியம்மா, கடையில் எதுவும் வாங்காதீங்க. தாத்தா கட்டின பசோவில் ஏதாவது தைச்சுக் கொடுங்க" என்று போனில் சொன்னாள். பசோ என்றால் இங்கே பர்மாவில் ஆண்கள் கட்டும் கைலி. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய பசோ பதினொன்று என் பீரோவில் மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தன. கத்தரி வைக்க எனக்கு மனசு வராமலே இருந்தது. அவள் கேட்டதும் வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் தைத்த ஒட்டுப்போர்வை இதோடு ஒன்பது. முதல் இரண்டும் சொதப்பல். அந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் துணி. நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். தாத்தா வேட்டியையோ பாட்டி சேலையையோ கிழித்துத்தான் சுற்றுவார்கள். சாஸ்திரம் என்பார்கள். எனக்கென்னவோ துணியைப் பற்றித் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடாகத்தான் படுகிறது. நூறு தடவை துவைத்த பருத்தியில் கஞ்சி இருக்காது, சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயமும் பெரும்பாலும் போயிருக்கும்.

அதற்காகப் பழசெல்லாம் உதவாது. துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பசோவில் உட்காரும் இடம்தான் முதலில் நையும், அடுத்து இடுப்பு முடிச்சு விழும் இடம். அங்கே இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்தால் இழை விலகி வலை மாதிரி தெரியும். அந்தப் பாகத்தை யோசிக்காமல் வெட்டித் தள்ளுங்கள். புதுத்துணி சேர்த்தே ஆக வேண்டுமென்றால், தெய்ஞ்சி ஜெய்யில் (அப்பா கடைசி வரை சூரத்தி பஜார் என்றேதான் சொன்னார்) வாங்கியதை இரண்டு தடவை துவைத்துக் காயப்போட்டு, அப்புறம் எடுங்கள். துவைக்காத புதுசு பிறகு சுருங்கி இழுக்கும், பக்கத்திலிருக்கும் பழசு தையலோரமாகக் கிழியும்.

சாயமும் பார்த்துவிடுங்கள். வெள்ளைத்துணியை நனைத்து அடர்ந்த நிறத்தின்மேல் அழுத்தித் தேயுங்கள். ஒட்டிக்கொண்டால் அந்தத் துணி வேண்டாம். உப்பில் ஊறவை, வினிகரில் ஊறவை என்பார்கள். என் கையில் எதுவும் பலித்ததில்லை. என் இரண்டாவது போர்வையில் ஒரு சிவப்புக் கட்டம் வெள்ளையெல்லாம் ரோஸாக்கி வைத்தது.

பெண்கள் கட்டும் தமெயினைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூவும் கொடியுமாக இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்பிள்ளையின் தலைக்குமேல் தமெயின் பட்டால் அவனுடைய 'போன்', அதாவது ஆண்களுக்கு உண்டென்று சொல்லும் மகிமை, குறைந்துபோகும் என்பது பர்மியர்கள் நம்பிக்கை. தங்கச்சி மகள் கட்டியிருப்பது பர்மியப் பையனை. போர்வையைப் பிரித்ததும் அவனுடைய அம்மா எது பசோ, எது தமெயின் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் சீர்வரிசையாகப் போகிற பொருள் சண்டையாகத் திரும்பி வரக்கூடாது. பசோ மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

சரி, அளவு. 5½ அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 5 அங்குலம் மிஞ்சும். குறுக்கே 7, நெடுக்கே 9, ஆக 63 சதுரம். முடிந்த போர்வை 35க்கு 45 அங்குலம் வரும். நைந்ததைக் கழித்தாலும் ஒரு பசோவில் 30, 40 சதுரம் தாராளமாகத் தேறும். இரண்டு பசோவே போதும்தான், ஆனால் நாலில் எடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதை வைத்தே வரையுங்கள். போன சதுரத்தை வைத்து அடுத்ததை வரைந்தால் பத்தாவது சதுரம் ஆறு அங்குலமாகியிருக்கும். கட்டம் போட்ட பசோ என்றால் கோட்டைப் பார்த்தே வெட்டலாம்.

சதுரங்களைத் தரையில் பரப்பி, நிறம் பார்த்து மாற்றி மாற்றி வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் ஓடி வந்து கலைத்தாலும் கவலையில்லை. பிறகு வரிசை வரிசையாகத் தையுங்கள். என்னுடையது காலால் மிதிக்கும் மெஷின். கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடும்.

சூட்சுமம் வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இடத்தில் இருக்கிறது. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள், இரண்டாவது வரிசையை இடப்பக்கம், மூன்றாவதை மறுபடி வலப்பக்கம். இரண்டு வரிசையை முகத்தோடு முகம் வைத்து மூலையை விரலால் நெருடினால், மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று முட்டி நிற்பது கைக்குத் தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள். நான்கு மூலையும் ஒரே புள்ளியில் விழும். இரண்டு மடிப்பும் ஒரே பக்கம் சாய்ந்தால் மூலை பிசகும், மேடும் தட்டும். கரண்ட் இல்லாத நாளில் நான் பழைய கரிப்பெட்டியில்தான் இஸ்திரி போடுகிறேன். சாம்பல் பறக்கும், பார்த்து.

நடுவில் என்ன வைப்பது? 1999இல் தம்பி மகனுக்குத் தைத்த முதல் போர்வையில் இலவம்பஞ்சை அடைத்தேன். தலையணைக்கு அருமையான பஞ்சு அது. ஆனால் அதன் இழை வழுவழுப்பு, ஒன்றையொன்று பிடிக்காது. ஒரே துவையலில் நான்கு மூலையிலும் உருண்டை உருண்டையாகத் திரண்டு, நடுவில் ஒன்றுமில்லாமல் போனது. அதிலிருந்து பழைய பிளானல் விரிப்புதான் வைக்கிறேன். ரங்கூனுக்கு ஒரு மடிப்பு போதும். மேமியோவில் மார்கழி ராத்திரி நடுக்கும், அதனால் இரண்டு மடிப்பு.

அடித்துணியும் நடுத்துணியும் மேலதைவிடச் சுற்றிலும் 2 அங்குலம் பெரிதாக, அதாவது 39க்கு 49 இருக்கட்டும். அடித்துணியைச் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, மூன்றையும் அடுக்கி, ஒரு சாண் இடைவெளியில் தற்காலிகமாக நூலோட்டுங்கள். அப்புறம் கையால் ஓட்டுத்தையல், நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி. ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். முடிச்சை வெளியே விடாமல், நூலைச் சுண்டி இழுத்துத் துணிக்குள் ஒளித்துவிடுங்கள். பிஞ்சு விரலுக்கு உறுத்தக்கூடாது.

தைத்து முடித்து, நூலோட்டத்தை உருவிவிட்டு, ஓரங்களை மேல்துணி அளவுக்கு வெட்டிச் சமமாக்குங்கள். ஓரப்பட்டிக்கு 2½ அங்குல அகலத்தில் நேர்ப்பட்டி. சுற்றளவு 160 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 170 வெட்டிக்கொள்ளுங்கள். வளைவு இல்லாததால் கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) தேவையில்லை. பட்டியை இரண்டாக மடித்து மேல்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங்.

பட்டன், மணி, ஜரிகை எதுவும் வேண்டாம். பிய்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். ஒரு வயசு ஆகும்வரை தூங்கும் பிள்ளைமேல் இதைப் போர்த்தவும் கூடாது, முகத்தில் மூடிக்கொண்டால் விலக்கத் தெரியாது. விழித்திருக்கும்போது கீழே விரித்துக் குப்புறப் போட்டு விளையாடவிடலாம் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் போர்வைக்குள் வைத்து அனுப்பினேன். மிஞ்சிய சதுரங்களில் எச்சில்துணி மூன்று தைத்தேன், அதற்கு அரை மணிநேரம்கூட ஆகாது.

அனுப்பும் முன் குண்டூசிகளை எண்ணுங்கள். நான் தொடங்கும்போது 40 எண்ணி டப்பாவில் போட்டிருந்தேன், முடிவில் 39. போர்வை முழுவதையும் உள்ளங்கையால் தடவித் தடவி ஒரு சாயங்காலம் போனது. கடைசியில் அது என் ரவிக்கைத் தோளில் இருந்தது.