சொந்த லாரி வாங்கியாச்சா? முதல் லோடுக்கு முன்னால் இதைப் படியுங்கள்

மதுரையில் புதிதாகச் சொந்த லாரி ஓட்டுபவர்கள் பலர், போகும்போது கிடைக்கும் வாடகையை மட்டும் பார்த்து லோடு ஏற்றிவிடுகிறார்கள். தூத்துக்குடி சுமார் 150 கி.மீ. காலியாகத் திரும்பினால் 300 கி.மீ. டீசலையும் டோலையும் அந்த ஒரு வாடகைதான் சுமக்க வேண்டும். அதனால் கிளம்பும் முன்பே அங்கு லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸில் பேசி, ரிட்டர்ன் லோடு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். உப்பும் துறைமுகச் சரக்கும் அங்கிருந்து வரும்.

கமிஷன் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எந்தத் தேதியில், இறக்கத் தாமதமானால் ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) உண்டா? இந்த நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி நானே ஒருமுறை பாக்கிக்காக மூன்று மாதம் அலைந்தேன். இறக்கியதும் கையெழுத்து, முத்திரையோடு ரசீதை வாங்கி உடனே போட்டோ எடுங்கள். அது இல்லாமல் பாக்கி வராது.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: 10 சரக்கு வண்டிகளுக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால், வாடகையில் டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) இருந்தால் காலாவதி நேரத்தைப் பாருங்கள். சாதாரணச் சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கு.

ஓவர்லோடு மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2,000. அதிக எடையை இறக்காமல் வண்டியை நகர்த்தவும் விடமாட்டார்கள்.