தமிழ்ச் சொற்களுக்கு லெவன்ஸ்டைன் தூரம்: பைத்தானில் படிப்படியாக

தேடல் பெட்டியில் ஒருவர் 'பளம்' என்று தட்டினாலும் 'பழம்' வந்து நிற்க வேண்டும். அதற்கு இரண்டு சொற்களும் எவ்வளவு நெருக்கம் என்று எண்ணில் தெரிய வேண்டும். சோவியத் கணிதவியலாளர் விளாடிமிர் லெவன்ஸ்டைன் 1965இல் வெளியிட்ட 'தூரம்' என்ற அளவு இதற்குத்தான்: எத்தனை எழுத்தைச் சேர்த்தோ நீக்கியோ மாற்றியோ ஒரு சொல்லை இன்னொன்றாக்கலாம், அதில் மிகக் குறைந்த எண்ணிக்கை எது?

படி 1: எழுத்தாகப் பிரிப்பது

பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலச் சொல்லோடு தொடங்குவதால் இதைத் தொடுவதே இல்லை. தமிழுக்கு இதுதான் முக்கியம். 'தஞ்சை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தான் நிரல்மொழியிடம் நீளம் கேட்டால் 5 என்கிறது. புள்ளியையும் ஐகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. அப்படியே கணக்குப் போட்டால் தஞ்சைக்கும் தஞ்சாவூருக்கும் தூரம் 5. எழுத்தாகப் பிரித்தால் 3: 'சை' 'சா' ஆகிறது, 'வூ', 'ர்' சேர்கின்றன.

பிரிப்பது எளிது. பைத்தான் தனித்தனியாக எண்ணும் ஒவ்வொரு குறியையும் அதனோடு வரும் யுனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியிடம் கொடுத்து வகை கேளுங்கள். வகை 'எம்' (M, அதாவது புள்ளி, உயிர்க்குறி போன்ற ஒட்டுக்குறி) என்று தொடங்கினால் முந்தைய எழுத்தோடு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் புது எழுத்து. 'க்ஷ' இதில் இரண்டாகப் பிரியும், தேடலுக்கு அது பரவாயில்லை.

பிரிப்பதற்கு முன் என்எஃப்சி (NFC) முறையில், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் யுனிகோடு முறையில், சீராக்கிவிடுங்கள். 'கொ' என்பதைக் க, ஒகரக்குறி என்றும் சேமிக்கலாம். க, எகரக்குறி, கால் என்றும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கணக்கில் வந்துவிடும்.

படி 2: அட்டவணை

கடல், கல் இரண்டையும் எடுப்போம். கடலின் எழுத்துகள் வரிசைகள், கல்லின் எழுத்துகள் (க, ல்) நெடுவரிசைகள்; இரண்டுக்கும் முன்னால் எழுத்தே இல்லாத 'வெற்று' ஒன்று. முதல் வரிசையும் முதல் நெடுவரிசையும் 0, 1, 2 என்று ஏறும். மற்ற கட்டங்களில் எழுத்து ஒன்றானால் மூலைவிட்டத்தில் இடது மேலே உள்ள எண்ணை அப்படியே எழுதுங்கள். வேறானால் மேலே, இடது, மூலை மூன்றில் சிறியதோடு 1 கூட்டுங்கள்.

வெற்று: 0 1 2
க: 1 0 1
ட: 2 1 1
ல்: 3 2 1

கடைசிக் கட்டம்தான் விடை: 1. 'ட' போனால் போதும், சரிதானே?

படி 3: நூலகம்

ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள், அப்புறம் ராபிட்ஃபஸ் (RapidFuzz) என்ற பைத்தான் நூலகத்துக்கு மாறிவிடுங்கள். வேகமானது, உரைச் சரத்துக்கு (string) பதில் எழுத்துப் பட்டியலையும் ஏற்கும். பைத்தானோடு வரும் டிஃப்லிப் (difflib) தொகுதி வேண்டாம், அது தருவது வேறொரு ஒப்புமை விகிதம். ல-ள-ழ, ர-ற, ண-ந-ன மாற்றங்களுக்கு 1க்குப் பதில் அரை என்று வைத்தால் 'பளம்' தேடலில் 'பயம்' பின்னால் போய் 'பழம்' முன்னால் வரும். அந்த மாற்றத்துக்குக் கையால் எழுதிய நிரல்தான் வசதி.

பின்சேர்க்கை: சீராக்கிய பிறகும் 'ஸ்ரீ' உள்ள பெயர்கள் பொருந்தவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. பிரிப்பதற்கு முன்பே 'ஶ்ரீ' வரும் இடமெல்லாம் 'ஸ்ரீ' என்று மாற்றிவிடுங்கள்.