ஆசிய ஹொக்கிக் கூட்டமைப்புக் கிண்ணத்தைப் பின்தொடர்வது எப்படி?

கிரிக்கெட்டுக்கே பழகிய வெள்ளவத்தைக் கண்களுக்கு ஹொக்கி முதலில் வெறும் ஓட்டமாகவே தெரியும். ஆகவே, ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்றாக விளங்கும் இத்தொடரில் இலங்கை ஆண்கள் அணி ஆடும்போது, முதலில் புள்ளிப்பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி. புள்ளிகள் சமமானால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கையும் அடுத்து கோல் வித்தியாசமும் பார்க்கப்படும்.

ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக நடைபெறும். பச்சை அட்டை பெற்றவர் 2 நிமிடங்களும் மஞ்சள் அட்டை பெற்றவர் குறைந்தது 5 நிமிடங்களும் வெளியே அமர்வதால், அந்நேரத்தில் எந்த அணி ஆளெண்ணிக்கையில் குறைந்துள்ளது என்பதைக் கவனியுங்கள்.

மிகக் கூர்ந்து பார்க்க வேண்டியது பெனால்டி கோர்னர்; அதாவது, கோலுக்கு முன்னுள்ள அரைவட்டத்துக்குள் தடுக்கும் அணி தவறிழைத்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு. கோல்காப்பாளர் உட்பட ஐவர் மட்டுமே கோல் அமைந்துள்ள பின்கோட்டின் பின்னால் நின்று தடுக்க, ஏனைய தடுப்பாளர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் காத்திருப்பார்கள். பின்கோட்டிலிருந்து உள்ளே தள்ளப்படும் பந்து அரைவட்டத்தை விட்டு வெளியேறிய பின்னரே கோலை நோக்கி அடிக்கலாம். முதல் அடி ஓங்கி அடிக்கும் அடியாயின், பந்து கோல்கோட்டை 460 மில்லிமீற்றர் உயரத்துக்கு மேல் கடக்கக்கூடாது. இழுத்து வீசும் ‘டிராக் ஃபிளிக்’ முறைக்கு அத்தடை இல்லை. அதனால்தான் அதில் வல்லவரை அணிகள் பொக்கிஷமாகக் காக்கின்றன.

கொழும்பு 7இல் உள்ள அஸ்ட்ரோ டர்ஃப் (செயற்கைப் புல்தரை) மைதானத்தில் ஓர் உள்ளூர் ஆட்டத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டால், இவையெல்லாம் இன்னும் எளிதில் பிடிபடும்.