ஏற்காட்டின் தலைக்கு மேல் எந்தச் செயற்கைக்கோள்? பார்க்கும்போது சறுக்கும் இடங்கள்

போன வாரம் சேலத்தில் புதிதாக சர்வே வேலைக்கு வந்த இரண்டு பையன்கள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்கள். "அண்ணா, நாளைக்கு ஏற்காட்டுக்குப் பிளான் போட்டாச்சு." எந்த நேரத்தில் எந்தச் செயற்கைக்கோள் வானத்தில் எங்கே நிற்கும் என்று மென்பொருள் போட்டுத் தரும் வான்படம் அது; நடுப்புள்ளிதான் உச்சந்தலை. அந்த நடுவில் ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கூட இல்லை. பல வருடம் முன்னால் நான் போட்ட அதே படம்! பேட்டரி சார்ஜ் செய்ய மறப்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாக வந்துவிடும்.

அட்சத்தையும் தீர்க்கத்தையும் மாற்றிப் போடுவது

ஏற்காடு 11.78 வடக்கு, 78.21 கிழக்கு. நாம் வாயால் சொல்லும்போது அட்சரேகைதான் முதலில் வரும். சில மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மாற்றிப் போட்டாலும் அது முனகாது, ஏனென்றால் அட்சரேகை 90 வரை போகலாம். 78 செல்லுபடியாகிற எண்தான். விளைவு, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டி, பனிக்கரடி ஊரில் போய் நிற்பீர்கள். நிலநடுக்கோட்டுக்கு ஜிபிஎஸ் பாதைகளின் சாய்வு சுமார் 55 டிகிரி. அதனால் அங்கே எந்த ஜிபிஎஸ்ஸும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் ஏறாது. நம் ஊரிலோ உச்சந்தலைக்கு நேராகவே கடந்து போகும்.

நான் மாட்டியது சில்வர் ஓக் நிழலில் இருந்த ஒரு காபித் தோட்டத்தில். அண்ணாந்து பார்த்தால்தான் கொஞ்சம் வானம் தெரியும். உச்சிக்கு வருகிற செயற்கைக்கோள்தான் அங்கே கைகொடுக்கும். என் கையில் இருந்ததோ ஸ்வால்பார்டின் நேரப்பட்டியல். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, டிரைபாடை நிறுத்தி, அதில் போட்டிருந்த பதினொரு மணிக்காகக் காத்திருந்தோம். ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் அளவுக்கு உறுதியான இடக்கணக்கு) கிடைக்கவே இல்லை, ஃப்ளோட்டிலேயே (தோராயக் கணக்கிலேயே) நின்றது. ரிசீவர் மேல் சந்தேகப்பட்டு மூன்று தடவை கேபிள் மாற்றினேன். ஜீப் வாடகை, இரண்டு ஆள் கூலி, எல்லாம் போச்சு. அதைவிட, தோட்டக்காரர் "சேட்டிலைட்டுக்கு இன்னைக்கு லீவுங்களா தம்பி?" என்று கேட்டாரே, அதுதான் இன்னும் குடைகிறது.

இப்போது எந்தப் படத்திலும் முதலில் ஜிசாட்-10 செயற்கைக்கோளைத் தேடுகிறேன். ஜிபிஎஸ் துல்லியத்தைக் கூட்டும் இந்தியாவின் ககன் சேவைக்கான அது 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் அசையாமல் நிற்கிறது. ஏற்காட்டிலிருந்து தெற்கே சற்றுக் கிழக்காக, ஏறக்குறைய 75 டிகிரி உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்வால்பார்டில் அது அடிவானத்துக்குக் கீழே. படத்தில் காணோம் என்றால் எண்களைத் திரும்பப் பாருங்கள்.

யுடிசி நேரம்

மென்பொருள் யுடிசி (உலகப் பொது நேரம்) காட்டினால், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்.

போன மாதப் பட்டியல்

ஜிபிஎஸ் வானம் தினமும் சுமார் நாலு நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். போன மாதம் பத்து மணிக்கு இருந்த வானம் இந்த மாதம் எட்டு மணிக்கே வந்து போயிருக்கும்.

மலையைச் சொல்லாமல் விடுவது

நீங்கள் சொல்லாதவரை மென்பொருளுக்கு எல்லா இடமும் வெட்டவெளிதான். மேற்கே மலைச்சரிவு 40 டிகிரிக்கு எழும்பி நின்றால், அந்தப் பக்கம் அதற்குக் கீழே காட்டும் செயற்கைக்கோள் எதுவும் கணக்கில் சேராது. கிளினோமீட்டரில் (ஏற்றக் கோணம் அளக்கும் கருவியில்) பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பொழுது சாய்ந்த பிறகு

காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோடு, நமக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் ஓடுகிறது. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இருட்டிய பிறகு இந்தக் கோட்டை ஒட்டி அயனிமண்டலம் (சிக்னல் கடந்து வரும், மின்னேற்றம் கொண்ட மேல்வளி) கலங்கும். படத்தில் பதினைந்து செயற்கைக்கோள் காட்டினாலும் சிக்னல் விட்டு விட்டு வரும். அந்த மாதங்களில் நான் ஆறு மணிக்கே மூட்டை கட்டிவிடுவேன்.